முதலில் நகல், பிறகு சண்டை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் அருகே வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் லேப்டாப் ஒன்று வாங்கினார். அவருக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதுவரை எல்லா வேலைகளையும் போனிலேயே முடித்துக் கொண்டிருந்தார். புதிய கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைப்பு கிடைத்தவுடன் நாம் என்ன செய்வோம்? பிடித்த தளம் ஒன்றைத் திறந்து பார்ப்போம். அவர் தன்னுடைய சொந்த வெப்சைட்டைத் திறந்தார். அதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பது அவரது ஆறு ஆண்டு ஆசை. திரையில் வந்தது ஒரே ஒரு வரி. "இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என ஆங்கிலத்தில் இருந்தது.

உடனே எனக்குப் போன் செய்தார். "சார், லேப்டாப்புல ஏதோ கோளாறு. கடையில திருப்பிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

கோளாறு லேப்டாப்பில் இல்லை. அவருக்கும், வெப்சைட்டுக்கு இடம் தந்தவருக்கும் இரண்டு மாதமாக இருந்த பணத் தகராறுதான் காரணம். அந்தத் தகராறில் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பு சொல்ல நான் இதை எழுதவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பணம் கட்டிவிட்டதால் மட்டும் ஒரு வெப்சைட் நம்முடையது ஆகிவிடாது. அதன் நகல் நம் வீட்டில் இருந்தால்தான் அது நம்முடையது.

அந்தத் தளத்தில் என்ன இருந்தது?

பாதி வியாபாரம். மலையில் உள்ள சில மகளிர் குழுக்கள் எடுத்துத் தரும் தேன், சாமை அரிசி, புளி ஆகியவற்றை வெளியூர்க்காரர்களுக்கு விற்பதற்கான பக்கங்கள். மீதிப் பாதிதான் முக்கியம். நண்பரின் ஆயா சொல்லச் சொல்ல இவர் எழுதி வைத்தவை அதில் இருந்தன. எந்தக் கொல்லைக்கு எந்தச் சாமை ஏற்றது, எந்த மாதத்தில் எந்தக் கீரை கிடைக்கும், மலைக் கோவில் திருவிழாவில் யார் யாருக்கு என்ன முறை, இரவில் சொன்ன கதைகள் என அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். சிலவற்றை ஆயாவின் குரலிலேயே பதிவு செய்தும் ஏற்றியிருந்தார். ஆயா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார்.

இவற்றையெல்லாம் நண்பர் நோட்டில் எழுதிப் பின்னர் ஏற்றவில்லை. போனில் வெப்சைட்டின் கட்டத்தைத் திறந்து, நேரடியாக அதிலேயே டைப் செய்தார். கம்ப்யூட்டர் இல்லாததால் வேறு எங்கும் சேமித்து வைக்கவில்லை. அதாவது, ஆறு ஆண்டு உழைப்பின் ஒரே பிரதி, இவர் ஒரு நாளும் பார்த்திராத ஏதோ ஒரு சர்வரில் இருந்தது.

வீட்டுக்காரர் யார், வாடகைக்காரர் யார்?

வெப்சைட் என்பது பைல்களின் தொகுப்பு. அந்தப் பைல்கள் இருபத்து நான்கு மணி நேரமும் இன்டர்நெட் இணைப்பில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதைத்தான் சர்வர் என்கிறோம். சர்வரில் இடம் தருவது ஹோஸ்டிங். பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் சர்வர்களை வைத்துள்ளன. இவற்றிடம் மொத்தமாக இடம் வாங்கி, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து நம்மைப் போன்றவர்களுக்குத் தருபவர் ரீசெல்லர். ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்து, அதை அறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுவது போன்றது இது. அறையில் குடியிருக்கும் உங்களைக் கட்டடத்தின் உரிமையாளருக்குத் தெரியாது. உங்கள் கதவின் பூட்டு உள்வாடகைக்கு விட்டவர் கையில்.

இதோடு இன்னொன்றும் உண்டு. டொமைன் பெயர். அதுதான் உங்கள் விலாசம். இதைப் பதிவு செய்து தரும் நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். இதையும் பெரும்பாலும் ரீசெல்லரே உங்களுக்காக வாங்கித் தருகிறார். அப்படி வாங்கும்போது யாருடைய பெயரும், யாருடைய இமெயில் முகவரியும் தரப்படுகின்றன என்பதில்தான் பிரச்னையின் வேர் இருக்கிறது. நண்பரின் டொமைன் பெயர் ரீசெல்லரின் இமெயில் முகவரியில் பதிவாகியிருந்தது. ஆறு ஆண்டுகளில் நண்பர் இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ரீசெல்லர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மலையடிவார ஊர்களில் கடை வைத்திருக்கும் இவர்கள் இல்லாவிட்டால், ஆங்கிலத்தில் உள்ள விண்ணப்பங்களை நிரப்பி, கிரெடிட் கார்டில் டாலரில் பணம் கட்டி, எத்தனை பேர் வெப்சைட் தொடங்கியிருப்பார்கள்? இந்த ரீசெல்லரும் நல்லவர்தான். தொடக்கத்தில் பைக்கில் மலையேறி வந்து, தேன் பாட்டில்களைத் தானே போட்டோ எடுத்துக் கொண்டு போனவர். தமிழில் பேசி, தமிழில் சொல்லிக் கொடுத்தவர்.

பிறகு ஏன் தகராறு?

ஆண்டுக்கு 3,500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தினார். நண்பர் மறுத்தார். போனில் வாக்குவாதம் வந்தது. "இத்தனை வருஷம் ஏமாத்திட்டிருந்தீங்களா?" என்று நண்பர் கேட்டுவிட்டார். "பாக்கியைக் கட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

கட்டண உயர்வுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ரீசெல்லர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் நிர்வாக சாப்ட்வேர் சி-பேனல். சர்வர் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருந்த அதன் கட்டணம், 2019 ஜூன் மாதத்தில் அறிவித்த மாற்றத்தால், அந்த சர்வரில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்றதாக மாறியது. ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான சிறு வாடிக்கையாளர்களை வைத்திருந்தவர்கள்தான் இதில் அதிகம் பாதிக்கப்பட்டனர். இதை ரீசெல்லர் பொறுமையாக விளக்கியிருக்கலாம். நண்பரும் பொறுமையாகக் கேட்டிருக்கலாம். இருவருமே அதைச் செய்யவில்லை.

ஆனால் நண்பரின் தவறு கோபப்பட்டது அல்ல. நகல் எடுத்து வைக்காமல் கோபப்பட்டது. கட்டணம் உயர்கிறது என்று தெரிந்த அன்று அவருடைய பாஸ்வேர்ட் வேலை செய்து கொண்டுதான் இருந்தது. அன்று ஒரு மணி நேரம் செலவழித்து எல்லாவற்றையும் டவுண்லோட் செய்து வைத்திருந்தால், மறுநாள் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சண்டை போட்டிருக்கலாம்.

மீட்டது எப்படி?

முதலில் நண்பரிடம் இனிமேல் போன் செய்ய வேண்டாம் என்றேன். போனில் பேசியதற்கு எழுத்துச் சான்று இல்லை. அதற்குப் பதிலாக ஒரு இமெயில் அனுப்பினோம். அதில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. எந்தத் தேதி வரை பணம் கட்டப்பட்டுள்ளது, அதன் பின் பயன்படுத்திய நாட்களுக்கான தொகையைத் தரத் தயார், எல்லாப் பைல்களும் டேட்டாபேஸும் அடங்கிய முழு பேக் அப் தேவை, டொமைன் பெயரை எங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும், ஏழு நாட்களில் பதில் எதிர்பார்க்கிறோம். இவ்வளவுதான்.

அத்துடன் ஒரு கேள்வியும் கேட்டோம். கணக்கு சஸ்பெண்ட் செய்யப்பட்டதா, டெர்மினேட் செய்யப்பட்டதா? இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். சஸ்பெண்ட் என்றால் கதவு பூட்டப்பட்டிருக்கிறது, பொருட்கள் உள்ளே பத்திரமாக உள்ளன. டெர்மினேட் என்றால் பொருட்கள் அகற்றப்பட்டுவிட்டன. முதல் நிலை இரண்டாம் நிலையாக மாறுவதற்குள் நாம் செயல்பட வேண்டும். எனவே இதில் நாட்களைக் கடத்தக் கூடாது.

பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 1996ஆம் ஆண்டு முதல் உலகின் இணையப் பக்கங்களைப் படி எடுத்து வைத்து வருகிறது. இவற்றை 2001ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்த வசதியின் பெயர் வேபேக் மெஷின். 2025 அக்டோபரில் இதில் சேர்ந்த பக்கங்களின் எண்ணிக்கை 1 லட்சம் கோடியைத் தொட்டது. இதில் உங்கள் வெப்சைட்டின் முகவரியை டைப் செய்தால் ஒரு காலண்டர் கிடைக்கும். வட்டமிட்ட தேதிகளில் கிளிக் செய்தால் அந்த நாளில் உங்கள் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே தெரியும். மலையில் இருக்கும் ஒருவரின் சிறிய தளத்தையெல்லாம் யார் படி எடுத்திருக்கப் போகிறார்கள் என்று நண்பர் நம்பவில்லை. தேடிப் பார்த்ததில் 41 பக்கங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் பிரவுசரில் சேவ் செய்து கொண்டோம். சிக்னல் வந்து வந்து போனதால் இரண்டு இரவுகள் ஆயின.

ஆனால் இதில் சில குறைகள் உண்டு. எழுத்துகள் பெரும்பாலும் கிடைக்கும். படங்கள் பாதிதான் கிடைக்கும். ஒலிப் பைல்கள் கிடைப்பது அரிது. கடைசியாக எழுதியவை பெரும்பாலும் இருக்காது. அந்த ஆர்க்கைவ் தளமே 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியிருந்தது. முன்பெல்லாம் காணாமல் போன பக்கத்தை கூகுள் கேச் மூலம் பார்க்கலாம் என்று எழுதுவார்கள். கூகுள் அந்த வசதியை 2024ல் நிறுத்திவிட்டது. எனவே பழைய புத்தகங்களில் படித்து அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்து நண்பரின் பழைய போன்கள். பெட்டியில் கிடந்த இரண்டு போன்களின் மெமரி கார்டுகளைப் புதிய லேப்டாப்பில் இணைத்துப் பார்த்ததில், தேன் எடுப்பது, சாமை குத்துவது எனப் பல படங்கள் முழு அளவில் கிடைத்தன. தகராறு என்றவுடன் எல்லாரும் சர்வரையே பார்த்துக் கொண்டிருக்கிறோம். நம் அலமாரியை யாரும் பார்ப்பதில்லை.

வந்த பார்சலைப் பிரித்துப் பாருங்கள்

ஆறாம் நாள் பதில் வந்தது. இரண்டு மாத வாடகையை அனுப்பியதும் ரீசெல்லர் ஒரு ஸிப் பைலுக்கான லிங்க் தந்தார். நண்பருக்கு மகிழ்ச்சி. "எல்லாம் வந்துடுச்சு சார், நன்றின்னு போட்டுடவா?" என்றார். பொறுங்கள் என்றேன்.

பிரித்துப் பார்த்தால் போல்டர்கள் இருந்தன. படங்கள் இருந்தன. ஆயா சொன்னதில் ஒரு வரிகூட இல்லை.

காரணம் இதுதான். இன்று பெரும்பாலான சிறு வெப்சைட்டுகள் வேர்ட்பிரஸ் போன்ற சாப்ட்வேரில் இயங்குகின்றன. இதில் படங்கள் தனி பைல்களாக ஒரு போல்டரில் இருக்கும். நீங்கள் டைப் செய்த எழுத்துகள் அந்தப் போல்டரில் இருக்காது. அவை டேட்டாபேஸ் என்ற வேறு இடத்தில் இருக்கும். பைல்களை மட்டும் எடுத்து வந்தால் அலமாரியை எடுத்து வந்து புத்தகங்களை விட்டு வந்த கதைதான். டேட்டாபேஸின் நகல் எஸ்.க்யூ.எல். என முடியும் பெயருடன் ஒரு தனி பைலாக இருக்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். குறியீடுகளுக்கு இடையே நீங்கள் எழுதிய தமிழ் வரிகள் தெரிந்தால் நல்லது. தமிழ் இருக்க வேண்டிய இடங்களில் வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், நகல் எடுத்தபோது எழுத்துருக் குறியீடு சிதைந்துவிட்டது என்று பொருள். மீண்டும் சரியாக எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.

மறுபடி எழுதிக் கேட்டோம். ரீசெல்லர் வேண்டுமென்று மறைக்கவில்லை. பேக் அப் மெனுவில் ஹோம் டைரக்டரியை மட்டும் கிளிக் செய்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் டேட்டாபேஸும் வந்தது. ஆயா சொன்னவை எல்லாம் எழுத்தில் கிடைத்தன.

குரல் கிடைக்கவில்லை. ஒலிப் பைல்கள் அதிக இடம் பிடிக்கின்றன என்று ரீசெல்லர் அவற்றை முன்பே வேறு ஒரு சர்வருக்கு மாற்றியிருந்தார். அந்த சர்வரை அவர் ஒரு வருடத்திற்கு முன் கைவிட்டபோது அவையும் போய்விட்டன. அதை அவர் நண்பரிடம் சொல்லவில்லை. நண்பரும் அந்தப் பக்கங்களைத் திறந்து கேட்டுப் பார்க்கவில்லை. மெமரி கார்டுகளில் தேடினோம். இல்லை. இது தகராறால் வந்த இழப்பும் அல்ல. தகராறே வராமல் இருந்திருந்தாலும் அவை போயிருக்கும்.

உலகெங்கும் இதே கதை

இது சிறிய ஊரில், சிறிய ரீசெல்லரிடம் வாங்கியதால் வந்த வினை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ரிஜிஸ்டர்பிளை என்ற நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் ரீசெல்லராகத் தொடங்கி, பின்னர் தானே டொமைன் பெயர்களைப் பதிவு செய்யும் ரிஜிஸ்ட்ரார் ஆனது. 2007ல் அதன் உரிமையாளர்களுக்குள் தகராறு வந்து வழக்கு மன்றம் போனது. வாடிக்கையாளர்கள் பணம் கட்டியும் பெயர்களைப் புதுப்பிக்க முடியவில்லை. வேறு நிறுவனத்திற்கு மாறவும் முடியவில்லை. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு 2007 மார்ச்சில் அதன் அனுமதியை ரத்து செய்தது. சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பெயர்கள் கோடாடி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன.

இதன் பிறகுதான் ரிஜிஸ்ட்ரார்கள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களின் நகலை மூன்றாவது ஒருவரிடம் ஒப்படைத்து வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 2009ல் திருத்தப்பட்ட ஒப்பந்தத்தில் ரீசெல்லர்களுக்கும் விதிகள் சேர்க்கப்பட்டன. அதில் ஒன்று உங்களுக்குப் பயன்படும். உங்கள் பெயரைப் பதிவு செய்த ரிஜிஸ்ட்ரார் யார் என்று நீங்கள் கேட்டால், ரீசெல்லர் சொல்லியே ஆக வேண்டும். இது டாட் காம் போன்ற பெயர்களுக்குப் பொருந்தும். டாட் இன் என முடியும் பெயர்களை நம் நாட்டின் நிக்ஸி அமைப்பு நிர்வகிக்கிறது.

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பணம் கட்டி பேக் அப் வசதி வாங்கியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் பேக் அப்பும் அதே இடத்தில் இருந்து எரிந்து போனது. அவருக்கு நஷ்ட ஈடு தரும்படி 2023ல் அந்நாட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. நஷ்ட ஈடு கிடைக்கலாம். எரிந்த பைல் கிடைக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்குப் புகார் செய்ய வழி தருகிறது. வியாபார நோக்கில் வாங்கிய சேவைக்கு இது பொருந்தாது என்றாலும், சுய தொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியிருந்தால் பொருந்தும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதற்கும், அதில் உள்ள தகவல்களை அனுமதியின்றி அழிப்பதற்கும் நஷ்ட ஈடு கோர வழி செய்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான புகார்களை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே விசாரிக்கலாம். ஆனால் பணம் கட்டாவிட்டால் கணக்கை நிறுத்துவேன் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், நிறுத்தியதே தவறு என்று வாதாடுவது எளிதல்ல.

எழுத்துகளும் படங்களும் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதியது பொதுவாக உங்களுடையது. நீங்கள் எடுத்த போட்டோ உங்களுடையது. ஆனால் வெளியாள் ஒருவர் உங்களுக்காக எழுதித் தந்த சாப்ட்வேர் கோட், எழுத்து மூலம் உங்களுக்கு மாற்றித் தராத வரை பொதுவாக அவருடையதாகவே இருக்கும். எனவே "வெப்சைட் முழுவதும் என்னுடையது" என்று வாதாடுவதைவிட, "நான் எழுதியதையும் நான் எடுத்த படங்களையும் கொடுங்கள்" என்று கேட்பது வலுவானது.

இங்கே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாக்கிப் பணத்துக்காகக் கணக்கை நிறுத்த ரீசெல்லருக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒருவர் எழுதியவற்றைப் பணயமாக வைத்துக் கொள்ள நியாயம் இல்லை. பணம் வேறு வழியில் வசூலிக்கக் கூடியது. ஆயாவின் கதை அப்படி அல்ல. விலகும் வாடிக்கையாளருக்கு இத்தனை நாட்களுக்குள் பைல்களும் டேட்டாபேஸும் தரப்படும் என்ற ஒரு வரியை ஒவ்வொரு ரீசெல்லரும் தம் ரசீதில் அச்சிட வேண்டும். அப்படி அச்சிடுபவரிடம் நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வாங்குங்கள்.

மூன்று சாவிகள்

வெப்சைட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மூன்று சாவிகளைத் தம் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, டொமைன் பெயர். ஐகேன் அமைப்பின் தேடுதல் பக்கத்தில் உங்கள் பெயரை டைப் செய்தால் ரிஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்பது தெரியும். உரிமையாளர் விவரங்கள் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். எனவே அந்தப் பதிவில் எந்த இமெயில் முகவரி உள்ளது என்று ரீசெல்லரிடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்களுடையதாக இருக்க வேண்டும். முடிந்தால் பெயரை ஒருவரிடமும் ஹோஸ்டிங்கை இன்னொருவரிடமும் வாங்குங்கள். ஒருவருடன் தகராறு என்றால் விலாசமாவது கையில் இருக்கும்.

இரண்டாவது, நுழையும் உரிமை. சி-பேனல், எப்.டி.பி., வேர்ட்பிரஸ் ஆகிய மூன்றுக்குமான பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். முன்பு பிரவுசரிலேயே எப்.டி.பி. முகவரியைத் தந்து பைல்களை எடுக்க முடிந்தது. குரோம், பயர்பாக்ஸ் ஆகிய இரண்டும் 2021ல் இதை நீக்கிவிட்டன. இப்போது பைல்ஸில்லா போன்ற இலவச சாப்ட்வேர் ஒன்றை நிறுவிக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நகல். வேர்ட்பிரஸ் தளம் என்றால் டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். நீங்கள் எழுதிய அத்தனையும் ஒரே பைலாக டவுண்லோட் ஆகும். ஆனால் இதில் படங்கள் வராது. அவற்றுக்கு பைல்ஸில்லா மூலம் அப்லோட்ஸ் என்ற போல்டரை அப்படியே இழுத்துக் கொள்ளுங்கள். சி-பேனலில் பேக் அப் பிரிவுக்குச் சென்றால் ஹோம் டைரக்டரியையும் டேட்டாபேஸையும் தனித்தனியாக எடுக்கலாம். இரண்டையும் எடுக்க வேண்டும். ஒன்றை லேப்டாப்பிலும் இன்னொன்றைப் பென் டிரைவிலும் வைத்து, பென் டிரைவை வேறு ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள்.

எனக்கு வெப்சைட்டே இல்லையே என்கிறீர்களா? உங்கள் குழந்தைகளின் படங்கள் எங்கே இருக்கின்றன? கூகுள் அக்கவுண்ட்டில் என்றால், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுண்ட்களை 2023 டிசம்பர் முதல் அந்த நிறுவனம் நீக்கத் தொடங்கியது என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். கூகுள் டேக்அவுட் என்ற பக்கத்தில் எல்லாவற்றையும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கிக் கொள்ளலாம். இடம் யாருடையதாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

இதை நண்பரிடம் சொன்னபோது, அவருடைய மலையிலேயே உள்ள காவலூரைச் சுட்டிக் காட்டினேன். அங்குள்ள வானியல் ஆய்வகத்தில் 1977 மார்ச் மாதம் ஓர் இரவில், யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை 1 மீட்டர் தொலைநோக்கி மூலம் பதிவு செய்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராத நேரத்தில் சில நொடிகள் மங்கியது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். அதே நிகழ்வைக் கண்ட வெளிநாட்டுக் குழுக்கள் அதை வளையங்கள் என்று அறிவித்தன. காவலூரில் பதிவை எடுத்து மீண்டும் ஆராய்ந்தார்கள். வளையங்களின் தடயம் அதிலேயே இருந்தது. முதலில் எண்ணியது சரியில்லை என்றாலும் மூலப் பதிவு கையில் இருந்ததால் மறுபடி பார்க்க முடிந்தது. பதிவு வேறு யாரிடமாவது இருந்து, அவருடன் தகராறும் இருந்திருந்தால்?

நண்பரின் தளம் இப்போது வேறு ஓர் இடத்தில், அவர் பெயரிலேயே பதிவான விலாசத்தில் இயங்குகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இரவு, சிக்னல் நன்றாக இருக்கும் நேரம் பார்த்து, நகல் எடுத்துவிடுகிறார். பென் டிரைவ் திருப்பத்தூரில் உள்ள தங்கை வீட்டில் இருக்கிறது. பழைய ரீசெல்லருக்குப் பொங்கலுக்கு ஒரு பாட்டில் தேன் அனுப்பியதாகவும் சொன்னார். ஆயாவின் குரல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. உறவினர்கள் யாருடைய போனிலாவது இருக்குமா என்று விசாரித்துக் கொண்டிருக்கிறார்.

உங்கள் ரீசெல்லருடன் இன்று உங்களுக்கு எந்தத் தகராறும் இல்லை என்றால் மிகவும் நல்லது. நகல் எடுப்பதற்கு ஏற்ற நாள் அதுதான். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தவுடன் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.